மூன்றாவது கேள்வி வெண்டலுடையது

தத்துவப் பேராசிரியர் கெரிட் டைக்ஹவுஸ் என்னிடம் தன் கேள்வியை முடிப்பதற்குள் தீ எச்சரிக்கை மணி அலறத் தொடங்கியது. சுவரில் வெள்ளை விளக்கு வெட்டி வெட்டி மின்னியது. யாரும் எழுந்திருக்கவில்லை. தத்துவத்துறையில் கேள்வி நடுவில் நிற்கும்போது எழுந்துபோவது மரியாதை இல்லை.

"எழுந்திருங்கப்பா, எரிஞ்சா சாம்பலாத்தான் வாதாடணும்" என்று நெல் ஸைல்ஸ்ட்ரா கத்திய பிறகுதான் எல்லோரும் நகர்ந்தார்கள். நெல் இறையியல் பேராசிரியை, அன்றைய கூட்டத்தின் தலைவியும் அவர்தான். கையில் கேள்விப் பட்டியல். கை தூக்கியவர்களின் பெயரை வரிசையாகக் குறித்துக்கொண்டு, அந்த வரிசையிலேயே பேச விடுவார். அதை மீற கல்லூரித் தலைவருக்கே அனுமதி கிடையாது.

நான் கடைசியாகப் படி இறங்கினேன். கையில், இந்தக் கல்லூரி வேலைக்காக அப்போதுதான் வாசித்து முடித்த என் உரையின் தாள்கள்.

பிப்ரவரி மாத மிச்சிகன். மேலங்கிகளெல்லாம் உள்ளேயே மாட்டியிருந்தன. வாகன நிறுத்தத்துப் பனியில் பதினைந்து பேராசிரியர்கள் கோழிகளைப் போல ஒண்டி நின்றோம். எனக்குக் குளிரைவிடக் கவலைதான் அதிகம். ஏழு வருடம், ஐந்து ஊர், எல்லாம் ஒரு வருட ஒப்பந்த வேலை. இந்த நிரந்தர வேலையும் கைநழுவினால் டொலிடோவில் அக்கா புருஷனின் காப்பீட்டு அலுவலகத்தில் சேருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். திங்கட்கிழமை பதில் சொல்லியாக வேண்டும். முப்பத்தொன்பது வயதில் அத்தோடு என் தத்துவம் முடிந்தது.

என் ஆராய்ச்சி நன்றியைப் பற்றியது. கொடுத்தவர் யாரும் இல்லாதபோதும் மனிதன் நன்றியோடு இருக்க முடியுமா? முடியும் என்பது என் கட்சி. முடியாது என்பது கெரிட்டின் கட்சி. தேர்வுக்குழுவில் அவர் சொல்லுக்கு எடை அதிகம் என்று எனக்கு முன்பே தெரியும்.

தீயணைப்பு வண்டி வந்தது. உயரமான ஒரு பெண் இறங்கி, "எல்லாரும் வெளிய வந்தாச்சா?" என்று கேட்டாள்.

"எல்லாரும்னா யார் யாரைச் சொல்றீங்க?" என்றார் கெரிட்.

"வாயை மூடுங்க கெரிட்" என்றார் நெல். "வந்தாச்சும்மா, வந்தாச்சு."

அந்தப் பெண் தலையாட்டிவிட்டு உள்ளே புகை தேடப் போனாள். நெல் தன் சால்வையின் பாதியை என் தோளில் போட்டார். கொடுப்பவர் இல்லாத நன்றியைப் பேச வந்தவளுக்கு ஓர் இறையியலாளரிடமிருந்து இப்படி ஓர் அன்பு. மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டேன்.

"சும்மா நின்னா உறைஞ்சுதான் போவோம்" என்றார் கெரிட். "தொடரலாமே. என் கேள்வி பாக்கி இருக்கு."

"இந்தப் பனியிலயா?"

"பனிக்கும் வாதத்துக்கும் என்ன சம்பந்தம்?"

வேறு எந்தத் துறையிலும் இது நடக்காது. பத்து நிமிடம் முன்பு வகுப்பறையில் இருந்த அதே வரிசையில் பனியில் நின்றபடி தொடங்கினோம். கெரிட் கேட்டார்: "கொடுத்தவர் இல்லேன்னா அது நன்றி இல்ல, வெறும் நிம்மதி. பேரை மாத்தி வெச்சுக்கிட்டு ஏமாத்தறீங்க. இல்லையா?"

பல் கிட்டியது. எனக்குத் தெரிந்த பதிலைச் சொன்னேன். அவர் முகம் அசையவில்லை. நெல் பட்டியலைப் பார்த்தார்.

"ரெண்டாவது கேள்வி என்னோடது. அதை விட்டுக் கொடுத்துடறேன், என் தாடை அசையல. மூணாவது, வெண்டல்."

பட்டியலிலிருந்து தலையைத் தூக்கினார்.

"வெண்டல்?"

வெண்டல் ஓக்ஸ் ஓய்வு பெற்றவர், எண்பத்தொரு வயது. என் உரை முடிந்ததுமே கை தூக்கியவர்களில் அவரும் ஒருவர். பெயர் பட்டியலில் இருக்கிறது. ஆள் பனியில் இல்லை.

"கேள்வி நேரம் ஆரம்பிச்சதும் பின்வாசல் வழியா போனாரே" என்றார் யாரோ. "கீழே பழைய ஆய்விதழ்கள் அறைக்கு."

கெரிட்டின் முகம் வெளுத்தது. வாசலை நோக்கி ஓடினார்; தன் வயதுக்கு அப்படி ஓடுவார் என்று நான் நினைக்கவில்லை. அப்போதுதான் வாசலுக்கு வந்த தீயணைப்புப் பெண்ணின் கையைப் பிடித்து, "அடித்தளத்துல, இடது பக்கம் கடைசி அறை" என்று கத்தினார்.

ஆறு நிமிடம். நெல் வாய்விட்டு ஜெபித்தார். கெரிட் ஜெபிக்கவில்லை, படிக்கட்டுக் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

வெண்டலைத் தீயணைப்பு வீரர்கள் இருவர் தாங்கிக் கொண்டு வந்தார்கள். முகமெல்லாம் கரி. கட்டிடத்தைச் சூடேற்றும் இயந்திரத்தின் மோட்டார் கருகி, புகை அந்த அறைப் பக்கம்தான் போயிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் அவ்வளவுதான் என்றாள் அந்தப் பெண்.

"மணி அடிச்சது காதுல விழலையா?" என்று கெரிட் அலறினார்.

"விழுந்துச்சு." வெண்டல் இருமினார். "ரொம்பத் தொந்தரவா இருந்துச்சு. காது மிஷினை அணைச்சுட்டுப் படிச்சேன்."

"அட அறிவுகெட்ட மனுஷா!"

வெண்டல் அவரைச் சட்டை செய்யவில்லை. பிராணவாயு முகமூடியைத் தூக்கி என்னைத் தேடினார். "உங்க அடிக்குறிப்புல பக்க எண் தப்பு. இருநூத்திப் பன்னிரண்டு இல்ல, இருநூத்தி இருபத்தொண்ணு. சரிபார்க்கத்தான் போனேன்."

என் அஜாக்கிரதை ஒரு மனிதரை அந்த அறைக்குள் அனுப்பியிருக்கிறது. "என் தப்பு சார், மன்னிச்சுடுங்க" என்றேன்.

"மன்னிப்பெல்லாம் எதுக்கு? திருத்திடுங்க." கதவு மூடி ஆம்புலன்ஸ் கிளம்பியது.

பிற்பகல் உணவுக்கூடத்தில் சூடான பட்டாணி சூப்புடன் மீண்டும் உட்கார்ந்தோம். நெல் பட்டியலை மேஜையில் விரித்தார். "கெரிட் கேள்விக்கு ரோவெனா இன்னும் முழுசா பதில் சொல்லல. அங்கிருந்தே எடுத்துக்குவோம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என்ன எதிர்பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியும். யாரும் திட்டமிடாமல் ஓர் உயிர் பிழைத்தது, கண்முன்னே நன்றி பொங்கி நிற்கிறது, இதோ என் கொள்கைக்குச் சாட்சி. சொன்னால் கைதட்டல். வேலையும் கிடைக்கலாம்.

"காலைல நடந்ததை வெச்சு நான் ஜெயிக்க முடியாது" என்றேன். "அதுல கொடுத்தவங்க இருக்காங்க. நெல் வரிசை மாறாம பேர் கூப்பிட்டதாலதான் வெண்டல் இல்லைன்னே தெரிஞ்சது. அந்தப் பொண்ணு புகைக்குள்ள போனா. அவங்களுக்கெல்லாம் நன்றி சொல்லலாம். யாருமே இல்லாதப்போ என்ன செய்றதுன்னுதான் கெரிட் கேட்டார். அந்த ஓட்டை என் கட்டுரையில அப்படியேதான் இருக்கு. ஏழு வருஷமா அடைக்கப் பாக்கறேன், முடியல. ஆனா விடவும் மனசு வரல."

கெரிட் ஏதோ குறித்துக்கொண்டார். வேலை போயிற்று என்று முடிவு செய்தேன்.

அதன்பின் நான் கல்லூரித் தலைவரைச் சந்தித்துப் பேசிக்கொண்டிருந்த வேளையில் தேர்வுக்குழு தனியே கூடியிருந்தது. முடிவை என்னிடம் யாரும் வாய்திறந்து சொல்லக்கூடாது என்பது விதி. சாயங்காலம் என்னை விமான நிலையத்தில் விட கெரிட் தானே கார் ஓட்டி வந்தார். வழியெங்கும் உறைந்த ஏரியை ஒட்டிய சாலை. வெண்டலுக்கு ஆபத்தில்லை, மருத்துவமனையில் தன் புத்தகத்தைக் கேட்டு ரகளை செய்கிறாராம். அதைச் சொல்லிச் சிரித்தார்.

"நல்லவேளை" என்றேன். "இன்னிக்கு எனக்கு வேற எதுவும் வேணாம்." சொன்னபோது அது உண்மையாகவே இருந்தது. டொலிடோ அலுவலகமும் பரவாயில்லை என்று தோன்றியது.

விமான நிலைய வாசலில் நிறுத்தி, இன்ஜினை அணைத்தார். இறங்காமல் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்தொன்பது வயசுல இந்த ஏரியில ஐஸ் உடைஞ்சு உள்ள விழுந்தேன் ரோவெனா, யாரோ இழுத்துக் கரையில போட்டுட்டுப் பேர்கூடச் சொல்லாம போயிட்டாங்க, அவங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியல, அதனாலதான் செப்டம்பர்லேர்ந்து நீங்க இங்க வேணும்னு எல்லாரும் போட்ட ஓட்டுல முதல் ஓட்டு என்னோடது."