ஐந்து வேளை ஈரம்

"வியாழக்கிழமை வரைக்கும் பாரு, ஹனான். அதுக்கப்புறம் உன் செயற்கைக்கோளை மூட்டை கட்டிடு" என்றார் அபு லைஸ்.

அம்மானில் எங்கள் வானிலை அலுவலகத்துக்கு அவர்தான் தலைவர். மூன்று வாரமாக நாங்கள் சொன்னதைவிட வெயில் மூன்று டிகிரி கூடவே அடித்தது.

மண் ஈரமாக இருந்தால் வெயில் அதை உலர்த்துவதிலேயே பாதி செலவாகிவிடும். காய்ந்திருந்தால் காற்றைச் சுடும். கிழக்குப் பாலைவனம் கருவாடாகக் காய்ந்திருப்பதாகச் செயற்கைக்கோள் சொன்னது. அங்கே அஸ்ரக்கில் நாங்கள் புதைத்த ஈரமானி, மண் சதசதவென்று இருப்பதாகச் சொன்னது. கணிப்புக்குப் போனது ஈரமானியின் எண். செயற்கைக்கோளின் எண், என் ஆறு மாத வேலை.

"இது மண்ணுக்குள்ளயே குடியிருக்கு. உன் ஆளு எழுநூறு கிலோமீட்டர் மேல சுத்துறான். நான் யாரை நம்புறது?"

ஈரமானியின் எண்களை நிமிடவாரியாக வரைந்தேன். ஒரு நாளைக்கு ஐந்து மேடுகள். தினமும் ஐந்து. விடியும் நேரம் நாளுக்கு நாள் மாற, முதல் மேடும் அதோடு சேர்ந்து நகர்ந்தது.

வியாழன் மாலை தாளை அவர் மேசையில் வைத்தேன். தெருவில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். சற்று நேரத்தில் அவர் திரையில் ஈரமானியின் கோடு ஏறியது.

அபு லைஸ் கோட்டைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். அஸ்ரக் காவலாளி அபு சக்ருக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. பத்து நிமிடத்தில் காவலாளியே திரும்பக் கூப்பிட்டார்.

"தொழுதுகிட்டிருந்தேன், உஸ்தாத்."

"கை கால் கழுவி ஒளு செஞ்சது எங்க?"

"அந்தக் குச்சி பக்கத்துலதான். நட்டுட்டுப் போனீங்க, ஒருத்தரும் தண்ணி ஊத்தல. பாவமா இருந்துச்சு."

"அது செடி இல்லய்யா!"

"எனக்கும் சந்தேகந்தான், இன்னும் துளிரே விடல. ஆனா சுத்தி புதினா ஜோரா வந்திருக்கு. டீக்கு அனுப்பட்டுமா?"

"மொதல்ல இடத்தை மாத்துங்க!"

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உன் செயற்கைக்கோள் ஒளு செய்யாதில்ல?"

"செய்யாது, உஸ்தாத்."

"அப்ப அதையே போடு."

வெள்ளி, சனி விடுமுறை முடிந்து ஞாயிறன்று போட்டேன். திங்கட்கிழமை வெயில், சொன்னதற்கு அரை டிகிரிக்குள் வந்தது. யாருக்கும் தெரியாமல் கழிவறையில் போய்ச் சிரித்தேன்.

செவ்வாயன்று அபு லைஸ் கூப்பிட்டார். திரையில் அஸ்ரக் காற்றின் ஈரப்பதம். ஐந்து மேடுகள்.

அபு சக்ர் இடத்தை மாற்றிவிட்டார். வெப்பத்தையும் காற்றின் ஈரத்தையும் அளக்கும் கருவிகள் இருக்கிற கூண்டின் அடியில் நல்ல நிழலாம். புதினாவையும் பிடுங்கி அங்கேயே நட்டுவிட்டாராம்.

"ஏம்மா," என்றார் அபு லைஸ், "இதுக்கும் மேல ஏதாவது சுத்துதா?"