வருஷத்துக்கு ஏழு நாள்

அந்த வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு, பாளையங்கோட்டையில் ஜெராக்ஸ் கடைக்கு மேலிருந்த அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். தரகர் ஆவுடைநாயகம். அவரிடம் டைப் அடிக்கவும் போன் எடுக்கவும் சம்பளத்துக்கு இருந்த ஜெபராணி. விற்க வந்த ஹசன் அலி. மேலப்பாளையத்துக்காரர், இருபத்திரண்டு வருஷம் சவுதியில் தம்மாமில் கடையில் நின்றுவிட்டுத் திரும்பியவர். வாங்க வந்த சொரிமுத்து. மணிமுத்தாறுக்கு மேலே எஸ்டேட்டில் தேயிலைக்கு மருந்தடித்தவன், எஸ்டேட் மூடிய பிறகு அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு இரவுக் காவல். ஐந்தாவது ஆள் அவன் பெண்டாட்டி பேச்சித்தாய். பணம் அவள் பெயரில் கிடந்ததால் அவளையும் கூட்டிவர வேண்டியதாகிவிட்டது.

விற்பனைக்கு வந்த சரக்கைக் கையில் எடுத்துப் பார்க்க முடியாது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் லீவில் வந்திருந்த ஹசன் அலியை மதுரையில் ஒரு ஓட்டலுக்குச் சாப்பிடக் கூப்பிட்டு, நாலு மணி நேரம் எழுந்திருக்க விடாமல் பேசி, ஒரு விடுமுறைக் கிளப்பில் சேர்த்துவிட்டார்கள். வருஷாவருஷம் அவர் கணக்கில் பாயிண்ட் ஏறும். அந்தப் பாயிண்டைக் கொடுத்தால் மலைமேல் கிளப்புக்கு இருக்கிற விடுதிகளில் ஏழு நாள் தங்கலாம். இப்படி இருபத்தைந்து வருஷம். மிச்சமிருந்த பதின்மூன்று வருஷத்தை, கொடுத்த விலையில் பாதிக்கும் கீழே, ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்குத் தள்ளிவிட வந்திருந்தார். ஆவுடைநாயகத்தின் தொழிலே இதுதான். வாங்கிவிட்டு முழிப்பவனிடமிருந்து எடுத்து, இன்னும் வாங்காதவனிடம் கொடுப்பது. அதற்கு முன்னால் வீட்டு மனை விற்றார். அதற்கும் முன்னால் தண்ணீர் சுத்தம் செய்கிற மிஷின். எல்லாவற்றையும் ஒரே குரலில்தான் விற்றார். பக்கத்து அறையில் யாரோ நோயாளி தூங்குகிற மாதிரி ஒரு குரல்.

சொரிமுத்துவுக்கு இது மண்டபத்தில் கிடைத்தது. ஒரு கல்யாணத்துக்கு மறுநாள் பந்திக் கூடத்தைப் பூட்டப் போனவன், நாற்காலியில் கிடந்த நோட்டீஸை எடுத்தான். தேயிலைச் சரிவு, நடுவில் ஓட்டு வீடுகள், கீழே போன் நம்பர். பேசிப் பார்த்தான். மறுநாளிலிருந்து பத்து நாள் ஆவுடைநாயகம் அவனை விடவில்லை. ஒவ்வொரு தடவையும் ‘சொரிமுத்து சார்’ என்றுதான் ஆரம்பித்தார். எஸ்டேட்டில் நாற்பது வருஷம் எத்தனையோ பேருக்கு அவன் சார் போட்டிருக்கிறான். திரும்ப ஒருவரும் போட்டதில்லை.

அந்த நோட்டீஸின் பெரிய படம் ஒன்று தரகரின் மேஜைக்கு மேலே ஒட்டியிருந்தது. பேச்சித்தாய் முழங்காலைத் தடவிக்கொண்டு அதையே பார்த்திருந்தாள். படம் எடுத்தவனுக்குச் செடி தெரியவில்லை. கவாத்து வெட்டி நாலு வருஷமாவது இருக்கும். கொழுந்து கிள்ளி இருபது நாளுக்கு மேல் ஆகிறது, இலை முற்றிக் கரும்பச்சையாகிவிட்டது. அந்தச் சரிவில் ஏறினால் இடது காலை ஊன்ற இடம் இருக்காது. முப்பத்தோரு வருஷம் கொழுந்து எடுத்தவள். மலை என்றதும் அவளுக்கு ஞாபகம் வருவது இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கும், அது நனைந்தால் ஏறுகிற கனமும், கணுக்காலில் அட்டை கடித்த இடத்தில் நிற்காத ரத்தமும்தான். எஸ்டேட் மூடும்போது இரண்டு பேருக்கும் கணக்கு முடித்துக் கொடுத்ததில், கீழே இறங்கியபோது ஒத்தி வீட்டுக்குச் சொரிமுத்துவின் பணம் போயிற்று. அவளுடையது பாங்கில் கிடந்தது. திருப்பூரிலிருக்கிற மகன் ஒரு தடவை கேட்டான், இல்லை என்று சொல்லிவிட்டாள். அந்தப் பணத்துக்கு அவள் எந்த வேலையும் வைத்திருக்கவில்லை. அது கிடக்க வேண்டும், அவ்வளவுதான். கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டால் தூக்கம் வந்தது.

தூக்கம் வராதவன் சொரிமுத்து. இறங்கி இரண்டு வருஷமாகியும் கீழேயிருக்கிற வெக்கை அவன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. காவல் முடிந்து காலையில் வந்து படுத்தால், சுவருக்குச் சுவர் பாயை இழுத்துப் போட்டுப் பார்ப்பான். பிறகு எழுந்து தெருக்கோடி வரைக்கும் போய், மேற்கே நீலமாய் நிற்கிற மலையைப் பார்த்துவிட்டுத் திரும்புவான். ஒன்றும் சொல்ல மாட்டான். இந்தப் பாயிண்ட் விஷயம் வந்த பிறகுதான் பத்து நாளாகச் சாப்பாட்டில் உப்பு கூட, குறைய என்று பேச ஆரம்பித்திருந்தான். அவள் பாங்கு புத்தகத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறியதே அதற்காகத்தான்.

ஆவுடைநாயகம் பத்திரங்களைப் பிரித்து வைத்து விளக்கினார். இது சிவப்பு சீசன், இருப்பதிலேயே உசத்தி. ஊர் வெந்துகொண்டு கிடக்கிற மே மாசத்தில் நீங்கள் அங்கே கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிடப்பீர்கள் என்றார். பெயர் மாற்ற ஒரு மாசம் ஆகும், அதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். சொரிமுத்து எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, ரூம் எந்த வரிசையில் வரும், நம்பர் என்ன என்று கேட்டான். நம்பரெல்லாம் கிடையாது, அன்றைக்கு எது காலியோ அது என்றார் அவர். அப்படியென்றால் நாம் இல்லாத நாளில் சாமான் எதுவும் போட்டு வைக்க முடியாதா, ஒரே ஒரு டிரங்குப் பெட்டிதான் என்றான். ஆவுடைநாயகம் அதைச் சிரித்து ஒதுக்கிவிட்டுப் பேனாவின் மூடியைக் கழற்றினார். சொரிமுத்து விடவில்லை.

“மொத நாளு பால் காய்ச்சணும்லா சார். அடுப்பு உண்டுமா?”

ஜெபராணி டைப் அடிப்பதை நிறுத்தினாள்.

“அண்ணாச்சி,” என்றார் ஆவுடைநாயகம். சார் போய்விட்டது. “கெட்டில் வச்சிருப்பான். பால் பொடி பாக்கெட்டும் அவனே குடுப்பான். சுடுதண்ணில போட்டுக் கலக்குனா முடிஞ்சுது சோலி.”

போன வாரம் சொரிமுத்து புதிதாக ஒரு எவர்சில்வர் பாத்திரம் வாங்கி வந்ததும், எதற்கு என்று கேட்டதற்குச் சும்மா என்றதும், கையெழுத்துக்கு வெள்ளிக்கிழமைதான் வேண்டும் என்று தரகரிடம் இரண்டு தடவை போனில் அடம்பிடித்ததும் பேச்சித்தாய்க்கு இப்போது வரிசையாக வந்து நின்றன. இவன் வீடு வாங்க வந்திருக்கிறான். பதின்மூன்று வருஷத்தில் வருஷத்துக்கு ஏழு நாள் இரவல் கட்டில் என்று அந்தக் காகிதத்தில் எழுதியிருப்பது இவன் மண்டையில் ஏறவேயில்லை. நாற்பது வருஷம் லைன் வீட்டில், கம்பெனியின் கூரைக்குக் கீழே இருந்தவனுக்கு, மலைமேல் கூரை என்றால் ஒன்றுதான். பால் காய்ச்சிக் குடியேறுவது.

அவள் தரகரைக் கேட்கவில்லை. பக்கத்து நாற்காலிக்குத் திரும்பினாள்.

“பாய், நீங்க எத்தன தடவ போயித் தங்குனிய?”

பாய் வெளிநாட்டில் இருந்தவர், அவருக்கு எங்கே நேரம் என்று ஆவுடைநாயகம் குறுக்கே வந்தார். பாயிடம்தான் கேட்கிறேன் என்றாள் பேச்சித்தாய். ஹசன் அலி சுவரில் கடிகாரத்தைப் பார்த்தார். தொழுகைக்குப் போகிற வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். தொப்பி மடியில் இருந்தது. அதை எடுத்து மடித்தார், விரித்தார்.

“ஜும்மாவுக்குப் போகணும்னு கை கால் கழுவி ஒளு எடுத்துட்டு வந்திருக்கேன், தங்கச்சி. இந்த நேரம் பாத்துக் கேட்டுட்டிய,” என்றார். “ஒரே தடவ. என் சம்சாரம் சபீதா ராத்திரி பூரா தூங்கல. மெத்தை ஆள உள்ள இழுக்குதுன்னு கீழ போர்வைய விரிச்சிட்டா. பொறவு நாலு வருஷம் கேட்டுப் பாத்தேன். மே மாசம் கேட்டா எடமில்லங்கான். ஐப்பசி மழைக்கு வேணும்னா வாங்கான். போனாலும் போகாட்டாலும் பராமரிப்புன்னு வருஷாந்திரம் கட்டணும், அது கூடிக்கிட்டே போவுது. அதான் விக்கேன்.”

“நல்லாருக்குவே,” என்றார் ஆவுடைநாயகம். குரல் உயரவில்லை. “ஒம்ம சரக்க நீரே கெடுக்குதீரு.”

“கமிஷன் நான்தானவே ஒமக்குத் தாரேன். பொய்யும் நானே சொல்லணுமா?”

ஜெபராணி குனிந்து மேஜைக்கடியில் எதையோ தேடினாள். தேடும்போது தோள் குலுங்கிற்று. ஆவுடைநாயகம் பேனாவுக்கு மூடியை மாட்டினார். அவருக்கும் அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது, இந்த மாசம் இது மூன்றாவது கலைந்த வியாபாரம். பேச்சித்தாய் புருஷனின் முகத்தைப் பார்க்காமல், அவன் முழங்கை மேல் கை வைத்தாள்.

“இங்கரும். அது வீடு இல்ல.”

“தெரியுதுட்டி.”

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். பிறகு யாரையும் பார்க்காமல், படத்தைப் பார்த்துச் சொன்னான்:

“எட்டாம் நாளு எறக்கி விட்டுருவான், அவ்வளவுதான. எஸ்டேட்காரன் நாப்பது வருஷம் கழிச்சி எறக்கி விட்டான். இவன் மொதல்லயே நாளச் சொல்லுதான்.”

ஆவுடைநாயகம் பழகிய கையாக, பேனாவை மறுபடி திறந்து, சத்தமில்லாமல் காகிதத்தோடு பேச்சித்தாய் பக்கம் நகர்த்தினார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தது. அவளுக்குக் கோபம் தரகர் மேல் வரவில்லை. இதுவரை இவன் ஏமாறுகிறான் என்று நினைத்திருந்தது எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்று தோன்றிற்று. ஏமாறுகிறவனைக் கையைப் பிடித்து இழுத்து வந்துவிடலாம். தெரிந்தே கேட்கிறவனை என்ன செய்வது. ஏழு நாளுக்கு அவன் தூங்குவான். மிச்ச நாளெல்லாம் அந்த ஏழு நாளை எண்ணிக்கொண்டு கொஞ்சம் தூங்குவான். அவள் தூங்க மாட்டாள். கிடக்கிறது என்று நினைத்துக்கொள்ள ஒன்றும் கிடக்காது. ஒரு ஆள் தூக்கத்தைப் பிடுங்கித்தான் இன்னொரு ஆளுக்குக் கொடுக்க வேண்டுமென்றால், அந்தப் பணத்துக்காக முப்பத்தோரு வருஷம் படங்கு கட்டியது அவள் இடுப்பு. அது மட்டும் அவளுக்குத் தெளிவாக இருந்தது.

“நான் போட மாட்டேன்,” என்றாள்.

யாரும் சண்டை போடவில்லை. ஹசன் அலி தொப்பியை மாட்டிக்கொண்டு முதலில் இறங்கினார், பள்ளிவாசலுக்கு நேரமாகிவிட்டிருந்தது. ஆவுடைநாயகம் காகிதங்களைப் பழையபடி உறையில் போட்டார், வேறு யோசனை வந்தால் கூப்பிடச் சொன்னார். எந்தப் பக்கம் பஸ் ஸ்டாண்டு என்று ஜெபராணி வாசல் வரை வந்து கை காட்டினாள். அம்பாசமுத்திரம் பஸ்ஸில் சொரிமுத்து எப்போதும்போல ஜன்னல் பக்கத்தை அவளுக்கு விட்டான். சேரன்மகாதேவி தாண்டியதும் மலை ஜன்னலுக்குள் வந்தது. அதற்கப்புறம் முழு நேரமும் அவன் முன் சீட்டின் கம்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பார்க்க விருப்பமில்லாத அவள்தான் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மத்தியானம் ரசம் வைத்தாள். சாப்பிட்டான். உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. படுத்தான், பாயை இழுத்துப் போடவில்லை, கண்ணைத் திறந்துகொண்டு ஒரே இடத்தில் கிடந்தான். அவள் அரிசியில் கல் பொறுக்கினாள். கடை அரிசியில் இப்போதெல்லாம் கல் இருப்பதில்லை, இருந்தாலும் முறத்தை எடுத்துப் பொறுக்கினாள். ஐந்தரைக்கு எழுந்து காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டான். இன்றைக்கு மண்டபத்தில் நிச்சயதார்த்தம், ஆள் வருவதற்கு முன்னால் போக வேண்டும். தூக்குவாளியில் சோற்றை அடைத்துக் கொடுத்தாள். ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. மன்னிப்புக் கேட்க அவளுக்கு விருப்பமில்லை, கேட்க வேண்டிய தப்பும் செய்யவில்லை.

“ஞாயித்துக்கெழம மணிமுத்தாறு அருவிக்குப் போயிட்டு வருவமா? காலம்பற போனா பொழுது சாய வந்துரலாம்.”

அவன் டார்ச் லைட்டைத் தட்டிப் பார்த்தான். எரிந்தது. அணைத்தான்.

“டிக்கெட் எடுத்தா?” என்றான்.

செக்போஸ்டில் நின்று, ஆளுக்கு ஒரு டிக்கெட் வாங்கி, வெளியூர்க்காரர்களோடு வரிசையில். அவள் அதை யோசிக்கவில்லை. நாற்பது வருஷம் அந்த ரோட்டில் டிரைவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பஸ்ஸை நிறுத்தி ஏறியவன். தூக்குவாளியை வாங்கிக்கொண்டு, குனிந்து நிலையைத் தாண்டி, வெளிப்படியில் நின்று செருப்பை மாட்டினான்.

தெருவில் திருட்டுப் பயம் என்று, அவன் போனதும் பூட்டிக்கொள்ள வேண்டும் என்பது இறங்கி வந்த முதல் வாரத்தில் அவன் போட்ட சட்டம். பூட்டு விழுகிற சத்தம் கேட்ட பிறகுதான் படியை விட்டு இறங்குவான். அவள் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைத் தள்ளினாள். சாவியை இரண்டு தடவை திருப்பினாள், சத்தம் நன்றாகவே கேட்டது. சாவியிலிருந்து கையை எடுக்காமல் நின்றாள். அந்தப் பக்கம் செருப்பு இன்னும் நகரவில்லை.