துரையின் பெயரில் ஓர் அணிவகுப்பு

கவர்னர் ஹாலோவே முதன்முதலில் சங்பானிக்கு வந்தபோது கவர்னராக இல்லை. காய்ச்சலில் நடுங்கியபடி கழுதை மேல் சாய்ந்து வந்த ஒரு கேப்டன், அவ்வளவுதான். அவருடைய பூனைக்கண்ணைப் பார்த்துக் குழந்தைகள் அலறி ஓடின. அவரோடு வந்த நாற்பது சிப்பாய்களில் ஒருவன் நாபாரி. அந்த ஊர்க்காரனேதான்.

அடுத்த மாதம் ஆற்றங்கரைச் சண்டையில் கேப்டனின் தொடையில் விஷ அம்பு பாய்ந்தது. மற்றவர்கள் சிதறி ஓட, நாபாரி அவரை முதுகில் போட்டுக்கொண்டு ஆளுயரப் புல்லுக்குள் இரண்டு நாள் நடந்தான். அன்று பிழைத்த கேப்டன் மேஜர் ஆனார். பிறகு வடக்குப் பகுதி முழுவதற்கும் அதிகாரி ஆனார். நாபாரியும் கூடவே சார்ஜென்ட் ஆனான். எந்த ஊருக்குப் போனாலும் துரை அவன் தோளில் கைவைத்து, "இவன் சொன்னா நான் சொன்ன மாதிரி" என்பார். ஊர்த்தலைவர்கள் துப்பாக்கிகளை ஒப்படைத்தது நாபாரியின் பேச்சை நம்பித்தான்.

"துரைக்கு வாய் நாபாரிதான், வயிறு மட்டும்தான் தனி" என்று சங்பானியில் கிண்டல் செய்வார்கள். நாபாரிக்கு அதில் உள்ளூரப் பெருமை.

துரை சீமைக்குப் போனார், பெரிய யுத்தத்தில் சண்டை போட்டார், இறகு வைத்த தொப்பியோடு கவர்னராகத் திரும்பி வந்தார். நாபாரி அப்போது பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வள்ளிக்கிழங்கு பயிரிட்டுக்கொண்டிருந்தார். வடக்குக்கு வந்த கவர்னர் அவருக்கு ஆள் அனுப்பினார். அத்தனை வெள்ளைக்காரர்கள் முன்னாலும் நாற்காலியை விட்டு எழுந்து வந்து கைகுலுக்கினார்.

"தங்கச் சுரங்கத்துக்கு ஆள் வேணும், நாபாரி. உங்க ஊர் ஆளுங்க என்னைக் கண்டா புதருக்குள்ள ஒளியறாங்க. நீ கேட்டா வருவாங்க."

"எத்தனை நாளுக்கு, துரை?"

"ஆறே மாசம். சோறு, துணி, கூலி எல்லாம் உண்டு. விதைப்புக்கு முன்னாடி வீட்டுக்கு வந்துடுவாங்க. இது என் வார்த்தை."

ஒரு காகிதத்தை நீட்டினார்கள். நாபாரிக்குப் படிக்கத் தெரியாது. துரையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கட்டைவிரலை வைத்தார்.

சங்பானியில் விதவை லாமிசிக்கு ஒரே மகன், புகாரி. அவள் மகனின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அண்ணே, இது துரை சொல்றதா, நீ சொல்றதா?"

"நான் சொல்றேன், தங்கச்சி."

அவள் கையை விட்டாள். சுற்றுவட்டாரத்திலிருந்து நாற்பது பேர் தெற்கே போனார்கள்.

மழை வந்தது, விதைப்பு முடிந்தது, அறுவடையும் முடிந்தது. ஒருவரும் வரவில்லை. அடுத்த கோடையில், தப்பி ஓடிவந்த ஒருவன் மட்டும் இருமிக்கொண்டே ஊருக்குள் நுழைந்தான். எட்டுப் பேர் செத்துவிட்டார்கள், அதில் புகாரியும் ஒருவன், மிச்சப்பேரை மூன்று வருடம் விடமாட்டார்களாம் என்றான். லாமிசியின் ஓலம் ஊர் எல்லை வரை கேட்டது.

நாபாரி பழைய சீருடையை எடுத்து அணிந்துகொண்டு கடற்கரைத் தலைநகருக்குப் புறப்பட்டார். போய்ச்சேரப் பன்னிரண்டு நாள். மாளிகை வாசலில் காத்திருந்தது நான்கு நாள். கவர்னர் அவரை வராந்தாவில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார்.

"ஆறு மாசம்னீங்களே, துரை."

"காகிதத்துல மூணு வருஷம்னு இருக்கு. நீதான் கை வெச்சிருக்கே."

"நீங்க வாயால சொன்னது ஆறு மாசம்."

கவர்னர் தோட்டத்துப் பக்கம் பார்த்தார். "மூணு வருஷம்னு சொல்லியிருந்தா நீ போய்க் கேட்டிருக்க மாட்டே. உன்னை எனக்குத் தெரியாதா? ரயில் போடணும், ஆஸ்பத்திரி கட்டணும். தங்கம் இல்லாம எப்படி? நீ சிப்பாய், உனக்குப் புரியும்."

நாபாரிக்குப் புரிந்தது. இந்த மனிதர் ஏமாந்து போகவில்லை, யாரும் இவரை ஏய்க்கவுமில்லை. தன்னை நன்றாகத் தெரிந்துவைத்திருந்ததனாலேயே தன்னை வைத்து இதைச் செய்திருக்கிறார். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

புறப்படும்போது கவர்னர் வழிச்செலவுக்கு உதவட்டுமென்று ஒரு கடிதம் கொடுத்தார். நாபாரி இந்தமுறை அதைக் கடைத்தெரு எழுத்தர் ஒருவரிடம் காட்டினார். அவர் படித்துவிட்டு வாயைப் பிளந்தார். "பெரியவரே, 'இவர் என் நம்பிக்கைக்குரிய ஆள், கேட்கும் உதவியைச் செய்யவும்'னு போட்டு முத்திரை குத்தியிருக்கு!"

நாபாரி வடக்கே திரும்பவில்லை. நேராகச் சுரங்கத்துக்குப் போனார்.

மேற்பார்வைத் துரைக்கு முன்னால் பூட்ஸ் அதிர நின்று சல்யூட் வைத்தார். "கவர்னர் உத்தரவு. வடக்குல சாலை வேலை. என் ஆளுங்க முப்பத்தோரு பேரையும் கூட்டிட்டுப் போறேன்." முத்திரையைப் பார்த்ததும் மேற்பார்வையாளர் மறுபேச்சுப் பேசவில்லை.

குழியிலிருந்து ஏறிவந்தவர்களில் பலரை அவருக்கு அடையாளமே தெரியவில்லை. எலும்பும் தோலுமாக இருந்தார்கள். ஒருவன் கரகரத்த குரலில் கேட்டான்: "சித்தப்பா, இப்ப எங்க விக்கப் போறே எங்களை?"

 நாபாரி அவர்களை வரிசையில் நிற்கவைத்தார். "இடது, வலது!" என்று குரல் கொடுத்தார். காவல் வாசலைத் தாண்டும்வரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நடக்க முடியாத இருவரை மற்றவர்கள் மாறிமாறிச் சுமந்தார்கள்.

பதினோராம் நாள் பெரிய ஆற்றுத் துறையை அடைந்தபோது பின்னால் தூரத்தில் குதிரைப் புழுதி தெரிந்தது. நாபாரி எல்லோரையும் படகில் ஏற்றி அனுப்பினார்.

"நீயும் ஏறு, சித்தப்பா!"

"எனக்காக வர்றாங்க. நீங்க போங்கடா."

கரையிலேயே நின்று பிடிபட்டார்.

விசாரணைக்கு முன் கவர்னர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். முகம் சிவந்திருந்தது. "என் பேரைச் சொல்லி ஏமாத்தியிருக்கே! நீயா? இத்தனை வருஷத்துக்கு அப்புறம்?"

"என் பேரைச் சொல்லி நீங்கதான் முதல்ல ஏமாத்துனீங்க, துரை."

 கவர்னர் காவலரிடம் கைகாட்டி, கொண்டுபோகச் சொன்னார்.

இரண்டு வருடச் சிறை. ஓய்வூதியம் ரத்து. ஊர் திரும்பியவர்களை மட்டும் யாரும் தேடி வரவில்லை. அவர்களைப் பிடித்தால் அந்த மூன்று வருடக் காகிதமும், ஆறு மாதமென்று சொல்லி அதில் கைநாட்டு வாங்கிய கதையும் கோர்ட்டுக்கு வரும் என்பது கவர்னருக்குத் தெரியும். அடுத்த வருடமே அவருக்குச் சர் பட்டமும் ஆள இதைவிடப் பெரிய நாடும் கிடைத்தன.

விடுதலையாகி வந்த நாபாரி முதலில் லாமிசியின் வீட்டு முற்றத்துக்குப் போனார். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து நலம் விசாரித்தார். வீடு எப்படி, வயல் எப்படி, உடம்பு எப்படி என்று முறைப்படி ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் எதற்கும் பதில் சொல்லவில்லை. வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்காமல் இருக்க முடியாதே என்பதற்காகச் சுரைக்குடுவையில் மொண்டுவந்து அவர் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

நாபாரி தண்ணீரைக் குடித்தார். வெயில் ஏறும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வயலுக்குப் போனார்.