வழிகாட்டி இல்லாச் சான்றிதழ்

எல்க் மான் வேட்டைக்கு இசக்கியப்பனுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. அனுமதிச் சீட்டோடு நாற்பத்திரண்டு படிவங்களும் வந்திருந்தன. அவனுக்கு வயது நாற்பத்திரண்டு. ஆகவே எல்லாம் முறையாகத்தான் இருந்தது.

அவன் இருப்பது டல்லாஸில். மான் இருப்பது மலைகள் உள்ள வேறொரு மாநிலத்தில். எல்க் குதிரை உயரம் இருக்கும். வெளிமாநிலத்துக்காரன் அதைச் சுட வேண்டுமானால் வருடா வருடம் குலுக்கலுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். இசக்கியப்பன் ஐந்து வருடம் காத்திருந்தான். அதற்குள் வேட்டைப் பாதுகாப்புத் தேர்வில் தேறினான். புது பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்து பழகினான். அங்கே வேட்டைக்கு விட்டிருந்த பொது நிலத்தின் ஓடைகளையெல்லாம் வரைபடத்தில் மனப்பாடம் செய்தான். விண்ணப்பத்தில் ‘வழிகாட்டி வேண்டுமா?’ என்ற கேள்விக்கு ‘வேண்டாம்’ என்று அவன் அழுத்தி எழுதியதில் தாள் கிழிந்து, எழுத்து மேசையில் பதிந்துவிட்டது.

காரணம் இருந்தது. எந்தக் கல்லூரி, எந்த வேலை, எந்த நாடு, யாரைக் கல்யாணம் செய்வது, எந்தத் திசையில் தலைவைத்துப் படுப்பது, எல்லாமே யாரோ சொன்னதுதான். சொன்னவர்கள் அத்தனை பேரும் நல்லவர்கள். அதுதான் பெரிய தொந்தரவு. இந்த ஒரு மானிடமாவது, யாரும் சொல்லாமல், அவனாகப் போய்ச் சேர வேண்டும்.

படிவங்களை வாங்கும் வேட்டை அலுவலகம் அவன் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் இருந்தது. கட்டடத்துக்கு இரண்டு மாடிதான்.

“வெளிமாநிலமா?” என்றாள் கவுண்டர் அம்மாள்.

“ஆமா.”

“அப்ப உள்ள ஏன் நிக்கிறீங்க?”

அவன் பதில் சொல்வதற்குள் இரண்டு பேர் வந்து சுவரைத் தூக்கி அவனுக்கு உட்புறமாக வைத்தார்கள். இப்போது அவன் வெளியே நின்றான். அம்மாள் திருப்தியாகப் படிவங்களை வாங்கிக்கொண்டாள்.

“வழிகாட்டி இல்லாச் சான்றிதழுக்கு, உங்க வயசுல வருஷத்துக்கு ஒரு படிவம். அந்த வருஷம் உங்களுக்கு வழி சொன்னவங்க நேர்ல வந்து, இனிமே சொல்ல மாட்டேன்னு கையெழுத்துப் போடணும்.”

அவர்கள் ஏற்கெனவே வந்திருந்தார்கள். வரிசை நீள நீள நடைபாதையும் நீண்டுகொடுத்தது. முன்னால் அம்பாசமுத்திரத்து ஆழ்வார் மாமா குடையோடு நின்றார். அம்மாவின் தம்பி. அவனை இன்ஜினீயர் ஆக்கியவர்.

“போடுதேன் மாப்ள. ஆனா ஒண்ணு. காத்து ஒன் மூஞ்சிக்கு எதுக்க அடிக்கணும். இல்லன்னா மான் மோப்பம் புடிச்சிரும்.”

மாமா எல்க்கைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை.

“மாமா, சொல்லப்பிடாது. சொன்னா படிவம் செல்லாது.”

“நான் எங்கலே சொன்னேன்? பொதுவாச் சொன்னேன்.”

அம்மாள் படிவத்தைக் கிழித்துப் புதிது ஒன்றை நீட்டினாள். மாமா ஒரே வருடத்துக்குப் பதினொரு முறை கையெழுத்துப் போட்டார்.

கடைசிப் பன்னிரண்டு வருடங்களும் மனைவி வடிவுக்கு. அவள் மளமளவென்று போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“ஏங்க, ஃப்ரீஸர்ல எடமில்ல. மாவு இருக்கு.”

இசக்கியப்பன் பதறிப்போய் அம்மாளைப் பார்த்தான்.

“அது தகவல். தகவல் பரவாயில்ல,” என்று அம்மாள் முத்திரை குத்தினாள்.

வரிசையின் கடைசியில், ஃபோன் மேப்பில் குரலாக வந்து வழி சொல்லும் பெண் நின்றாள். அவளுக்கு எந்த வருடமும் தனியாக இல்லை. எல்லாப் படிவத்திலும் ஓரமாக ஒரு கையெழுத்து. “முடிந்த இடத்தில் திரும்பிச் செல்லவும்,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மூக்கை உறிஞ்சியபடி போய்விட்டாள்.

நடைபாதையின் கோடியில் ஒரு கதவு. அதைத் திறந்தால் மலை.

யாரும் இல்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை. எந்தக் காலை முதலில் வைப்பது என்று தெரியாமல் இசக்கியப்பன் ஒன்றரை நாள் வாசலிலேயே நின்றான். பிறகு இடது காலை வைத்தான். பின்னாலிருந்து ஒரு குரலும் வரவில்லை. சந்தோஷத்தில் அவனுக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பத்திரண்டு வயது ஆம்பிளை, துப்பாக்கியைக் கட்டிக்கொண்டு, இடது காலுக்காக அழுதான்.

நான்காவது நாள் எல்க் வந்தது. நாற்பதடி தூரம். காற்று முகத்துக்கு எதிரே அடித்தது. மாமாவை நினைக்காமல் துப்பாக்கியைத் தூக்கினான்.

“அண்ணாச்சி, ஒரு நிமிசம்,” என்றது எல்க். “நான் வெளிமாநிலம். வழி தப்பிட்டு. எல்லைக்கு எப்படிப் போவணும்?”

இசக்கியப்பனிடம் இதுவரை யாரும் வழி கேட்டதில்லை. பேருந்து நிலையத்தில்கூட அவனைத் தாண்டிப்போய் அடுத்த ஆளிடம்தான் கேட்பார்கள். துப்பாக்கியைப் பாறைமேல் சாய்த்துவைத்தான்.

“நேராப் போங்க. ஒரு ஓடை வரும். தாண்டாதீங்க. அத ஒட்டியே போனா இன்னொரு ஓடை வரும், அதத் தாண்டுங்க.”

ஒரு மணி நேரம் சொன்னான். அனுமதிச் சீட்டின் பின்பக்கத்தில் படம் வரைந்து கொம்பில் செருகிவிட்டான். எல்க் தலையாட்டிக் கேட்டுக்கொண்டது.

பக்கத்துப் பாறையில் கவுண்டர் திறந்தது. அம்மாள் ஒரு படிவத்தை நீட்டினாள்.

“மானோட இந்த வருஷத்துக்கு வழிகாட்டி நீங்கதான். இனிமே சொல்ல மாட்டேன்னு போடுங்க. போட்டா வேட்டை செல்லும், சீட்டும் வேற தருவேன்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

இசக்கியப்பன் பேனாவை வாங்கினான். எல்க் புறப்பட்டது. அது இடது காலைத் தூக்குவதை அவன் பார்த்தான்.

“ஏய், நில்லுங்க! வலது கால எடுத்து வச்சுப் போங்க!”

எல்க் திரும்பிப் பார்த்தது. “முன்னங்காலா, பின்னங்காலா அண்ணாச்சி?”

“முன்னங்கால்,” என்றான் இசக்கியப்பன், கொஞ்சமும் யோசிக்காமல்.

அம்மாள் படிவத்தைக் கிழித்துவிட்டுப் புதிது ஒன்றை எடுத்தாள்.

“நான் எங்கம்மா சொன்னேன்?” என்றான். “பொதுவாச் சொன்னேன்.”