பதினோரு உறைகள்

மன அழுத்தத்தை ஆராய்கிறவர்கள் அதை முதலில் யாருக்காவது கொடுத்தாக வேண்டும். ரின்ஸ்கேக்கு அந்த இடத்தில்தான் மனசு கேட்கவில்லை.

உளவியல் மூன்றாம் ஆண்டில் ஆய்வு முறைப் பாடத்துக்காக இருவர் சேர்ந்து ஒரு சோதனை நடத்த வேண்டும். ரின்ஸ்கேயும் வீட்ஸேயும் அழுத்தத்தை எடுத்துக்கொண்டார்கள். வருகிற முதலாண்டு மாணவர்களில் பாதிப் பேர் இரண்டு நடுவர்கள் முன்னால் ஐந்து நிமிடம் தங்களைப் பற்றிப் பேச வேண்டும். பிறகு 1022-லிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். கணக்குத் தப்பினால் மறுபடி 1022-லிருந்து. மீதிப் பாதிப் பேர் காலி அறையில் பத்திரிகை வாசித்துவிட்டுப் போகலாம். முடிந்ததும் எல்லோரும் ஒரு பஞ்சுத் துண்டைச் சப்பிக் கொடுப்பார்கள். யாருக்கு எவ்வளவு அழுத்தம் என்று எச்சிலே சொல்லிவிடும்.

வீட்ஸேயும் வகுப்புத் தோழி ஒருத்தியும் நடுவர்கள். நடுவர் சிரிக்கக் கூடாது, தலையாட்டக் கூடாது. பேச்சு நின்றுபோனால் சொல்ல ஒரே ஒரு வாக்கியம்: "இன்னும் நேரம் இருக்கு. தொடருங்க." வீட்ஸே ஒரு வாரம் கண்ணாடி முன் நின்று முகத்தை மரக்கட்டையாக்கப் பழகினான். சாப்பாட்டு மேசையிலும் அதே முகத்தோடு உட்கார்ந்திருக்க, அவன் அம்மா பயந்துபோய்க் காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாளாம். ஆனால் சோதனை முடிந்த நிமிடமே வெள்ளைக் கோட்டைக் கழற்றிவிட்டு வெளியே ஓடி வருவான். "எல்லாம் நடிப்புங்க, மன்னிச்சுக்குங்க. நீங்க நல்லாத்தான் பேசுனீங்க" என்று சிரித்து, கையில் ஒரு வாஃபிள் இனிப்பைத் திணிப்பான். அழுதவர்கள்கூடச் சிரித்துவிடுவார்கள்.

ரின்ஸ்கேக்கு வாசலில் வேலை. யாருக்கு எந்த அறை என்பதைக் குலுக்கல் தீர்மானித்து, சீட்டுகள் ஒட்டிய உறைகளில் வரிசையாக இருந்தன. வருகிறவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும், உறையைக் கிழிக்க வேண்டும், சீட்டில் உள்ள அறைக்கு அனுப்ப வேண்டும். இதில் கெடுப்பதற்கு என்ன இருக்கிறது என்று நாமும் நினைப்போம்.

இரண்டாம் நாள் ஃபென்னா என்று ஒரு பெண் வந்தாள். மழையில் சைக்கிள் மிதித்து வந்தவளுக்குப் பேனாவைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது. "குளிர்தான்" என்றாள். குளிர் இல்லை என்று ரின்ஸ்கேக்குத் தெரிந்தது. சீட்டில் 'நடுவர்' என்று இருந்தது. "உனக்குப் பத்திரிகை அறை" என்று சொல்லிவிட்டாள். எண்ணிக்கை சரியாக வர வேண்டுமே. அதனால் அடுத்து விசிலடித்துக்கொண்டு வந்த படகோட்டும் குழுத் தடியனை, சீட்டில் பத்திரிகை என்று இருந்தும், நடுவர்களிடம் தள்ளினாள். ஒருவரையும் கொல்லவில்லையே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பிறகு நடுங்கிக்கொண்டு வந்தவர்களுக்கெல்லாம் அதே சமாதானம் கைகொடுத்தது.

முடிவு வந்தபோது பத்திரிகை வாசித்தவர்களுக்குத்தான் அழுத்தம் அதிகம் என்று இருந்தது.

பேராசிரியை ஆன்னெகே இருவரையும் காலையிலேயே தன் அறைக்குக் கூப்பிட்டாள். காபியை அவளே ஊற்றினாள். அது அந்தத் துறையில் யாரும் கண்டிராத காட்சி.

"இருபது வருஷத்துல இப்படி ஒரு முடிவை நான் பார்த்ததில்ல," என்றாள். "தனியா விட்டா அழுத்தம் கூடுது. இதைக் கருத்தரங்குக்கு அனுப்பலாம், உங்க ரெண்டு பேர் பேரும் போட்டு."

"கேட்டியா?" என்று வீட்ஸே முழங்கையால் இடித்தான். "கண்ணாடி முன்னாடி நான் பட்ட பாடு வீண் போகல." முதுகலை இடத்துக்கு அவனுக்கு இந்த ஒரு மதிப்பெண்தான் பாக்கி. ஸ்டாக்ஹோமில் அறைகூடப் பார்த்து வைத்துவிட்டான்.

ரின்ஸ்கேக்குக் காரணம் தெரியும். காலி அறை ஒன்றும் செய்யவில்லை. நடுங்கிக்கொண்டே வந்தவர்களைப் பொறுக்கி அங்கே அடைத்தது அவள்தான். இப்போது வாயை மூடிக்கொண்டால் எல்லோருக்கும் நல்லது. நாளைக்கு இதை நம்பி வேறு யாராவது எதையாவது செய்யலாம் என்பதைத் தவிர.

"அனுப்பாதீங்க," என்றாள். "நான் உறையை மாத்திட்டேன்."

ஆன்னெகே கோப்பையைக் கீழே வைத்தாள். "எதை மாத்தின?"

"பாவமா இருந்துச்சு. ரொம்பப் பயந்தவங்களைப் பத்திரிகை அறைக்கு அனுப்பிட்டேன். தைரியசாலிகளை அவங்க இடத்துல போட்டேன். ரெண்டு, மூணு பேர்தான்..."

அவளுக்கு வார்த்தை நின்றுபோனது. உதவிக்கு வீட்ஸேயைப் பார்த்தாள். அவன் முகத்தில் ஒரு தசையும் அசையவில்லை. எத்தனையோ பேர் சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்த முகத்தை அவள் எதிரே உட்கார்ந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை. கழுத்தெல்லாம் வியர்த்தது.

"இன்னும் நேரம் இருக்கு," என்றான் வீட்ஸே. "தொடரு."

"பதினொண்ணு," என்றாள் ரின்ஸ்கே. "அப்படி அனுப்பினது பதினொரு பேரை."

ஆன்னெகே மடிக்கணினியை மூடி, சோதனையை முழுக்கத் திரும்ப நடத்தணும், இந்த வருஷம் மதிப்பெண் கிடையாது என்றாள். அது ரின்ஸ்கேயின் காதில் பாதிதான் விழுந்தது. வீட்ஸே சிரித்து, எல்லாம் நடிப்பு என்று சொல்வதற்காக அவள் காத்திருந்தாள்.

அவன் எழுந்து, ஈர மழைக்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, அதே முகத்தோடு வெளியே போனான்.