நீலப் பட்டன்

பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக் குழு. இப்போதே ஒன்பது நாற்பது. வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த இன்சூரன்ஸ் ஆபீஸ் கிளார்க்குக்கு உள்ளங்கை வேர்த்து மவுஸ் வழுக்கியது. பக்கத்தில் மனைவி முகம் கழுவித் தலைவாரி, காமிராவுக்குத் தயாராக உட்கார்ந்திருந்தாள். அவள் தம்பிக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. தன்னுடையதில் ஒன்றைத் தருவதென்று அவள் முடிவு செய்துவிட்டாள். கணவன் மனைவி இருவரையும் வீடியோவில் விசாரித்துத்தான் குழு அனுமதி தரும். மாதத்துக்கு ஒரு முறைதான் கூடும். இன்னொரு மாதம் தம்பி தாங்கமாட்டான் என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

மெயிலில் வந்த இணைப்பை அங்கேயே தட்டித்தான் திறக்க முடியும், அதுவும் மூன்று முறைதான். இரண்டு முறை அழுத்தியாயிற்று. இரண்டு முறையும் கம்ப்யூட்டர் தன் சொந்த பிரவுசரையே கொண்டுவந்து நிறுத்தியது. அதில் ஆஸ்பத்திரி வீடியோ ஓடாது. ஓடுகிற வேறொரு பிரவுசரைப் போன வாரமே போட்டு, இனி எல்லாம் இதில்தான் என்று மாற்றியும் வைத்திருந்தார். அப்டேட் என்ற பெயரில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. காசு கொடுத்து வாங்கியவர் இவர், அதிகாரம் பண்ணுவது அது! இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

செட்டிங்ஸுக்குள் போனார். ஒவ்வொரு வகைக் கோப்புக்கும் தனித்தனியாக மாற்றச் சொன்னது. எங்களுடையதையே இன்னொரு தடவை பார்க்கக் கூடாதா என்று நடுவில் கெஞ்சல் வேறு.

"இன்னும் ஆகலையாங்க?"

"இரும்மா, உயிரை வாங்குது."

கடைசியாக ஒரு பெட்டி வந்தது. 'எப்படியும் மாற்று' என்பது ஓரத்தில் சாம்பல் நிறத்தில் சின்னதாக இருந்தது. நடுவில் கொழுகொழுவென்று ஒரு நீலப் பட்டன். இன்சூரன்ஸ் ஆபீசில் பத்தொன்பது வருஷமாக, நாளைக்கு நானூறு தடவை நீலப் பட்டனை அழுத்திப் பாலிசி விவரங்களைச் சேமித்த விரல் அது. அழுத்திவிட்டது. 'பழையபடியே இருக்கட்டும்' என்று அதில் எழுதியிருந்ததைப் படிக்காமலே மெயிலுக்குப் போய் இணைப்பையும் தட்டினார். அதே பிரவுசர் வந்தது. மூன்று முறையும் முடிந்தது, இணைப்பு காலாவதியாகிவிட்டது என்றது.

மனைவி திரையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"கை தவறிடுச்சா, இல்ல..." அவள் முடிக்கவில்லை.

மூன்று மாதமாக அவருக்குச் சரியான தூக்கமில்லை. ஆபரேஷன் மேஜையில் இவளுக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால்? வாய்விட்டு ஒரு நாளும் சொன்னதில்லை. விரல் போனது பழக்கத்திலா பயத்திலா என்று அவருக்கே நிச்சயமில்லை.

"சத்தியமா தெரியலம்மா" என்றார்.

அவளே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். குழுவின் செயலாளர் கடுகடுத்துவிட்டு, ஒரே தடவை திறக்கிற புது இணைப்பை அனுப்பினார். இந்த முறை செட்டிங்ஸில் மனைவி ஒவ்வொரு வரியையும் சத்தமாகப் படித்தாள். அவள் சொன்ன இடத்தில் மட்டும் அவர் அழுத்தினார். பத்து ஐந்துக்குத் திரையில் மூன்று டாக்டர்கள் தெரிந்தார்கள்.

"முதல்ல கணவர் சொல்லுங்க" என்றார் நடுவில் இருந்த டாக்டரம்மா. "உங்களுக்கு இதுல முழு சம்மதமா?"

"சம்மதம்தான். ஆனா ரொம்பப் பயமா இருக்கு டாக்டரம்மா. இவகிட்டகூட இதுவரைக்கும் சொல்லல. என் பயத்துக்காக தம்பிய விட்டுடுன்னு மட்டும் சொல்ல மாட்டேன்."

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். "நீங்க சொல்லுங்கம்மா."

மனைவி காமிராவைப் பார்க்கவில்லை. அவர் பக்கம் திரும்பியிருந்தாள்.

"எனக்கும் பயமாத்தாங்க இருக்கு" என்றாள்.

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் திரை பக்கம் திரும்பினாள்.

"இருந்தாலும் கொடுக்கறேன்."