திமான் இரண்டு முறை கை தூக்கிய நாள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. ஏதென்ஸில் குடியேறி எத்தனையோ வருடங்கள் ஆகியும் என் தெருக்காரர்கள் என்னை ஊர்க்காரனாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. (ரொட்டிக்கடைக்காரர் மட்டும் "நம்மாளு" என்பார், அதுவும் பந்தாட்டத்தில் எங்கள் பக்கம் ஜெயித்த நாட்களில்.) இரண்டாயிரத்து ஐந்நூறு வருடங்களுக்கு முன்னால், இதே மண்ணில், கிளைஸ்தனீஸ் என்பவர் ஓர் ஏற்பாடு செய்தாராம். இனி ஒருவனை அப்பன் பெயரைச் சொல்லி அழைக்க வேண்டாம், ஊர்ப் பெயரைச் சொல்லி அழைத்தால் போதும். படித்ததும் எனக்குக் குஷி தாங்கவில்லை. உடனே உட்கார்ந்தேன்.

"அக்ரோபோலிஸ் குன்றின்மேல் பொற்கதிர்கள்—"

வேண்டாம். சுற்றுலா விளம்பரம்.

"மாபெரும் சீர்திருத்தக்காரர் தன் தாடியை—"

தாடி இருந்ததா என்று யாருக்குத் தெரியும்? அவரை விட்டுவிடுகிறேன். பெரிய மனிதர்கள் கதைக்குள் வந்தால் மற்றவர்களுக்கு உட்கார இடம் கிடைக்காது.*

* குலப்பெருமையை ஓரங்கட்டிய அவரே பெரிய குலத்துப் பிள்ளை. இதை வைத்து ஒரு கட்டுரை எழுதலாம். இது கட்டுரை இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

2

லாம்பிரியாஸ் சலவைக்காரன். ஊரார் மேலாடைகளின் கறை எல்லாம் அவனுக்கு அத்துப்படி. அவன் அப்பன் காரியா தேசத்திலிருந்து கப்பலேறி வந்தவன், பெயர் உஸ்ஸோல்லோஸ். அந்தப் பெயரை ஏதென்ஸின் எந்தக் குலத்துக்குள்ளும் நுழைக்க முடியாது. அதனால் இத்தனை நாள் லாம்பிரியாஸ் நகரத்தான் இல்லை, குடியுரிமை கிடையாது. புதுச் சட்டப்படி, குடியிருக்கும் ஊர் கூடிக் கை தூக்கினால் அவனும் நகரத்தான். தூக்காவிட்டால் வீடு அவன் பெயரில் இருக்க முடியாது, அவன் மனைவி மெலித்தாவின் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் பிறக்கும்போதே பரதேசி.

(எனக்கு லாம்பிரியாஸ்மேல் சந்தேகம். அளவுக்கு மீறி நல்லவனாக இருக்கிறான். ஒரு குறை கொடுக்கிறேன்: பயந்தாங்கொள்ளி. கொடுத்த மறுநிமிடமே மெலித்தா கதையைக் கையில் எடுத்துக்கொண்டாள். நான் என்ன செய்ய?)

"ஏங்க, பேரு கேட்டா முழுங்காம சொல்லுங்க."

"அப்பா பேரைக் கேட்டாங்கன்னா?"

"அதைக் கேக்கக் கூடாதுன்னுதானே சட்டமே வந்திருக்கு!"

"எவாகோன் கேப்பான்டி."

எவாகோன் கேட்டான்.

3

எவாகோனுக்கு ஊரில் பாதி ஒலிவத் தோப்பு. கூட்டத்தின் நடுவில் நின்று காதில் கையை வைத்துக்கொண்டான்.

"என்னப்பா லாம்பிரியாஸ், உங்கப்பன் பேரு என்ன? நாக்கு சுளுக்காம சொல்லு பாப்போம்!"

கூட்டம் சிரித்தது. லாம்பிரியாஸ் தரையைப் பார்த்தான். சுவருக்கு அப்பால் பெண்களோடு நின்ற மெலித்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போன திருவிழா அன்னிக்கு உங்க மேலாடையில இருந்த கறை என்ன கறைன்னு நான் சொல்லட்டுமா எவாகோன்?"

இப்போது கூட்டம் வேறு மாதிரி சிரித்தது.

"பொம்பளைங்க பேசக் கூடாது!" என்றார் ஊர்த்தலைவர் டெக்ஸியாஸ். வாக்கெடுப்பு நடத்துவது அவருக்கு இதுதான் முதல் தடவை. பாவம், வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது.

"பேசலைங்க, இருமினேன்."

"சரி சரி. லாம்பிரியாஸைச் சேத்துக்கலாம்ங்கிறவங்க கையைத் தூக்குங்க." எண்ணினார். "வேணாம்ங்கிறவங்க?" எண்ணினார். நெற்றியைச் சுருக்கினார். "டேய் திமான், ரெண்டுக்கும் தூக்குனியா?"

ஆடு மேய்க்கும் திமான் வெள்ளந்தியாக எழுந்தான். "ஆமாண்ணே. நீங்க ரெண்டு தடவை கேட்டீங்க. ஒண்ணுக்குத் தூக்கிட்டு இன்னொண்ணுக்குச் சும்மா இருந்தா மரியாதையா?"

"தூக்குனா உனக்குச் சம்மதம்னு அர்த்தம்டா!"

"எனக்கு லாம்பிரியாஸும் வேணும், எவாகோன் அண்ணனும் வேணும். நாளைக்கு ஆட்டை எந்தத் தோப்பு வழியா ஓட்டுறது?"

எழுதும்போதே சிரித்துவிட்டேன். மக்களாட்சி இன்னும் தவழவே ஆரம்பிக்கவில்லை, அதற்குள் நடுநிலையாளர் வந்துவிட்டார்.**

 ** திமான் முழுக்க என் கற்பனை. நீங்கள் அவரை எங்கோ பார்த்திருந்தால் நான் பொறுப்பில்லை.

திமானின் கையைக் கழித்துவிட்டு எண்ணினார்கள். இரண்டு பக்கமும் சரிசமம்.

4

முடிவு அ: எவாகோன் கண்கலங்கி லாம்பிரியாஸைக் கட்டித் தழுவி— (எவாகோனே இதை நம்பமாட்டான்.)

முடிவு ஆ: தூரத்தில் குதிரைக் குளம்பொலி. சீர்திருத்தக்காரர்— (வரமாட்டார் என்று சொன்னேனா இல்லையா?)

முடிவு இ: எழுதுகிறவன் நான்தானே, நானே ஒரு கையைத் தூக்கிவிடுகிறேன். இதை எழுதிப் பார்த்தபோது கூட்டம் மொத்தமும் என்னைத் திரும்பி முறைத்தது. ஒரே ஆள் எல்லோருக்கும் சேர்த்து முடிவு செய்வதைப் பார்த்துச் சலித்து, இப்போதுதான் ஒரு கொடுங்கோலனை நகரத்தை விட்டே துரத்தியிருக்கிறார்கள். நான் மெதுவாகக் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

5

"இன்னும் யாராச்சும் பாக்கி இருக்கீங்களா?" என்கிறார் டெக்ஸியாஸ்.

நீங்கள்தான் பாக்கி. இவ்வளவு தூரம் இவர்களோடு வந்துவிட்டீர்கள், நீங்களும் இந்த ஊர்தான். தூக்குங்கள்.

டெக்ஸியாஸ் உங்களை நோக்கி வருகிறார். நீங்கள் ஆண் என்றால் காரியம் முடிந்தது, உங்கள் கை சொன்னதுதான் முடிவு. பெண் என்றால் அவர் கண் உங்கள் கையைப் பார்க்காமலே தாண்டிப் போகிறது.

இதை மாற்ற முயன்றேன். மூன்றாம் பகுதி வரை திரும்பிப் போய் அடித்துத் திருத்திப் பார்த்தேன். முடியவில்லை. அந்த மகத்தான சீர்திருத்தம் அந்தச் சுவர்வரைதான் வந்தது. இத்தனை நேரம் குதித்துக்கொண்டிருந்த எனக்கு இப்போது கோபமாக வருகிறது.

மெலித்தா என் கோபத்துக்காகக் காத்திருக்கவில்லை. ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு இன்னொன்றைத் தூக்கினாள். பக்கத்தில் நின்றவள் வாயைப் பொத்திச் சிரித்தபடியே தூக்கினாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவளும். சுவருக்கு மேலே கைகளாக முளைத்தன.

"இதெல்லாம் கணக்குல வராதும்மா!" என்று கத்துகிறார் டெக்ஸியாஸ்.

"உங்க கணக்கை நீங்க பாருங்க," என்கிறாள் மெலித்தா. பிறகு, கணக்கில் வராத உங்களைப் பார்த்துத் திரும்புகிறாள். "அக்கா, நீங்க இறக்கிடாதீங்க. வலிச்சா கையை மாத்திக்கோங்க."